பழைய காரும் சிக்கனமும்

ஒரு காலத்தில் பழைய கார் வைத்திருப்போர் சில வருடங்களில் அதனை விற்றுவிட்டு, அதைவிடக் கொஞ்சம் புதியதாக ஒன்றை வாங்குவது வழக்கமாக இருந்தது. அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின் அந்த வழக்கம் மாறிவிட்டது. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிகளோடு சேர்ந்த விலை பல குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. எனவே எங்களைவிட வயதில் மூத்த சின்னக் கார்கள் இன்றும் எமது வீட்டு வாசல்களில் நிற்கின்றன. பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நோயாளிகளைக் கிளினிக்குக்கும், பெருநாளைக்குக் குடும்பத்தை ஊருக்கும் கொண்டு செல்வது அவைதான்.

எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படியான ஒரு மாருதி 800. இந்தியாவில் 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014 ஜனவரி வரை உற்பத்தி செய்யப்பட்ட கார் இது. 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர், முன்சில்லுகளுக்குச் செல்லும் சக்தி, 12 அங்குலச் சில்லுகள் என்று எல்லாமே சிறியவை. எங்களுடையது கார்புரேற்றர் உள்ள பழைய வகை. கணினியோ சென்சர்களோ அதில் இல்லை. கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வாப்பா காரை ஓட்டுகிறார். அதன் கணக்குக் கொப்பி என் பொறுப்பில் இருக்கிறது. வாப்பாவிடமும், எமது தெருவில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடமும், பௌதிகவியல் பாடத்திலும் நான் கற்றவற்றை என் தோழிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் நான் சொல்ல விரும்பும் பிரதான விடயம் ஒன்றுதான். சிக்கனம் என்பதை மலிவான சாமான் வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய காரைப் பொறுத்தவரை, கையில் உள்ள கொஞ்சப் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்ற வரிசையை அறிந்திருப்பதே சிக்கனமாகும்.

செலவின் வரிசை

பழைய காரில் எப்போதும் ஏதோவொரு குறை இருந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ஆகவே நாங்கள் குறைகளை நான்காகப் பிரித்துக் கொப்பியில் எழுதுகிறோம்.

முதலாவது, உயிரோடு சம்பந்தப்பட்டவை: பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்குகள். இரண்டாவது, கவனிக்காவிட்டால் என்ஜினையே அழித்துவிடக்கூடியவை: ஒயில், ரேடியேற்றர் தண்ணீர், டைமிங் பெல்ட். மூன்றாவது, ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் பணத்தைத் தின்பவை: அடைபட்ட எயார் ஃபில்டர், தேய்ந்த பிளக், காற்றுக் குறைந்த டயர். நான்காவது, வசதியும் அழகும்: பெயின்ட், ஆசன உறை, ரேடியோ.

முதலாவது வகையில் ஒன்று இருக்கும்போது நான்காவது வகைக்கு ஒரு சதமும் செலவழிப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் வீதியில் நாம் காண்பது பெரும்பாலும் இதற்கு எதிரானது. பெருநாளைக்கு முன் காருக்குப் பொலிஷ் போட்டு, புது உறையும் மாட்டியிருப்பார்கள். டயரைப் பார்த்தால் வழுக்கைத் தலைபோல் இருக்கும்.

வாரத்தில் பத்து நிமிடம்

ஞாயிறு காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிற்கும் காரை நாங்கள் பார்க்கிறோம். இதற்கு ஒரு பழைய துணியும் டோர்ச் லைட்டும் போதும். பொனட்டைத் திறக்குமுன் பர்தாவின் நுனியையும் சட்டைக் கையையும் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். சாவியைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கினால் தொங்கும் துணியை ஒரு நொடியில் இழுத்துவிடும்.

முதலில் ஒயில் கோலை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்கிறோம். ஒயில் இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. என்ஜினின் அழுக்கைத் தன்னோடு எடுத்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் பால் கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது காரை எடுக்கக்கூடாது. எங்கள் காருக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் மாற்றுகிறோம். ஒயில் மாற்றும் செலவைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிப்பவர், என்ஜின் திறக்கும் செலவுக்குப் பணம் சேர்க்கிறார் என்று பாஸ் சொல்வார்.

அடுத்து ரேடியேற்றர். சூடாக இருக்கும்போது அதன் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. சாதாரணமாக 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், அமுக்கத்தின் கீழ் அதைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்று நாம் பௌதிகவியலில் படித்திருக்கிறோம். அந்த அமுக்கத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்தச் சிறிய மூடிதான். அதைத் திறந்தவுடன் நீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். அதே காரணத்தால், மூடியின் இறப்பர் காய்ந்துவிட்டால் அமுக்கம் நிற்காது. கார் சீக்கிரம் கொதித்துவிடும். ரேடியேற்றரையே மாற்றுமுன் மூடியை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் ஊற்றும் பழக்கம் புத்தளத்தில் எங்களைப் போன்ற பலரிடம் உண்டு. எமது பகுதிக் கிணற்று நீர் சுண்ணாம்பு நிறைந்தது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. எமது நாட்டில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது கொதிநிலையைக் கூட்டுகிறது; அதிலுள்ள மருந்து உள்ளே கறள் பிடிப்பதையும் தடுக்கிறது. ஆனால் அது இனிப்பான நஞ்சு. சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும்; பிள்ளைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் போத்தலை வைக்க வேண்டும்.

மூன்றாவதாக பிரேக் ஒயில். பேட் தேயத் தேய அதன் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. ஒரு வாரத்தில் சட்டென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஒயில், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆகவே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும்.

சென்ற வருடம் ஒரு ஞாயிறு, மட்டம் முந்திய வாரத்தைவிட ஒரு விரலளவு குறைந்திருந்தது. தம்பியும் நானும் சில்லுகளைச் சுற்றிப் பார்த்தோம். பின் இடப்பக்கச் சில்லின் உட்புறம் நனைந்து பளபளத்தது. மறுநாள் உம்மாவைக் கிளினிக்குக்காகச் சிலாபத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வாப்பா காரை எடுக்கவில்லை. உம்மாவோடு பஸ்ஸில் போய் வந்தார். பின்னர் பாஸ் டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளேயிருந்த வீல் சிலிண்டரின் இறப்பர் கிழிந்து பிரேக் லைனர் முழுவதும் ஒயிலில் ஊறியிருந்தது. இடப்பக்கம் பழுதானால் வலப்பக்கமும் அதே வயதுதான் என்பதால் இரண்டு பக்கமும் மாற்றினோம். அந்த மாதம் கார் உண்டியல் காலியாகிவிட்டது. ஆனால் அந்தப் பணம் எதற்காகப் போனது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

டயர் சொல்லும் கதை

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3519 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பாவித்த டயர் வாங்குபவர் பூவின் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. இந்த இலக்கத்தையும் பார்க்க வேண்டும். இறப்பர் வெயிலிலும் வயதாலும் இறுகிவிடும். பூ நன்றாக இருந்தும் பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடினால் அந்த டயர் வேண்டாம். பூவின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மழையில் கார் வழுக்கும். பூவுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

தேய்ந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லின் கோணம் பிழை. அலைன்மன்ட் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே போய்விடும்.

சிறியது பெரியதைக் காக்கும்

முன்சில்லுகளைச் சுழற்றும் தண்டின் முனையில் சி.வி. ஜொயின்ட் இருக்கிறது. அதை மூடி மடிப்பு மடிப்பாக ஓர் இறப்பர் உறை இருக்கும்; உள்ளே கிறீஸ் நிறைந்திருக்கும். உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறி மண்ணும் நீரும் உள்ளே போகும். சில மாதங்களில் திருப்பும்போது டக், டக் என்று சத்தம் கேட்கும். சத்தம் வருமுன் உறையை மட்டும் மாற்றலாம்; வந்தபின் ஜொயின்ட் முழுவதையும் மாற்ற வேண்டும். முன்சில்லைத் திருப்பிவைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தாலே உறை தெரியும். ஒரு நிமிட வேலை இது.

டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். மூடிக்குள் மறைந்திருக்கும் இந்தப் பல்லுள்ள இறப்பர் பட்டி, என்ஜினின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிறது. அறுந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கார் நடுவீதியில் நின்றுவிடும். பாவித்த கார் வாங்குபவர்கள், இது எப்போது மாற்றப்பட்டது என்று எழுத்தில் தெரியாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே எண்ணிக்கொண்டு, அதை இறுக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

பற்றரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்தால் காலையில் ஸ்டார்ட் வராது. பலர் உடனே புதுப் பற்றரி வாங்கிவிடுகிறார்கள். முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, பிறகு நேர்முனையையும் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவித் துடைத்து வஸ்லின் பூசிப் பூட்டிப் பார்க்கலாம். பூட்டும்போது நேர்முனை முதலில். மல்ரிமீற்றர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. என்ஜின் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், ஓடும்போது 14 வோல்ற்றுக்கு அண்மையாகவும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ற்றிலேயே நின்றால் பற்றரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒல்ட்டர்னேற்றரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறியைப் படித்தல்

கராஜுக்குப் போகுமுன் அறிகுறியைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதிச் செலவு குறையும். "கார் சூடாகுது" என்று மட்டும் சொன்னால் எதையும் மாற்றச் சொல்லலாம். எப்போது சூடாகிறது? சந்தையடி நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால், விசிறியையோ அதன் சுவிட்சையோ சந்தேகிக்கலாம். குருநாகல் வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கலாம், ரேடியேற்றர் அடைத்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

எங்கள் கார் நெரிசலில் சூடானபோது ஒரு கராஜில் உடனே ஹெட் கழற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை வாப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கொப்பியில் இருந்த குறிப்பைப் பார்த்த எங்கள் தெருப் பாஸ், விசிறிச் சுவிட்சின் இரு வயர்களையும் நேரே இணைத்துப் பார்த்தார். விசிறி சுழன்றது. பழுதாகியிருந்தது சுவிட்ச் மட்டுந்தான்.

சூட்டுக்குப் பரிகாரமாகச் சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அது நல்லதல்ல. என்ஜின் தனக்குரிய சூட்டை அடையாமல் ஓடினால் பெற்றோலும் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

புகையும் பேசும். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. எயார் ஃபில்டர் அல்லது கார்புரேற்றர். என்ஜின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம் என்பதால், அதற்குப் போகுமுன் எயார் ஃபில்டரையும் மூன்று பிளக்குகளையும் பார்த்துவிடுவது நல்லது. பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் கலவை பிழை. ஒயிலில் நனைந்திருந்தால் என்ஜின் தேய்ந்திருக்கலாம்.

எதைப் பழையதாக வாங்கலாம்?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பார்கள். மாருதிக்குப் புதிய சாமான்களும் பாவித்தவையும் நாட்டின் பல ஊர்களில் கிடைக்கின்றன. கதவுப் பிடி, பக்கக் கண்ணாடி, ஆசனம், விளக்குக் கூடு போன்றவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். பரிசோதித்துக் காட்டினால் விசிறி மோட்டாரையும் வாங்கலாம். ஆனால் பிரேக் பேட், லைனர், பெல்ட், இறப்பர் குழாய் ஆகியவற்றை ஒருபோதும் பாவித்ததாக வாங்கக்கூடாது. தேய்வதும் காய்வதும் அவற்றின் இயல்பு; இன்னொருவர் பாவித்து முடித்ததைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குவோம்.

வாங்கப் போகும்போது கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கராஜில் மாற்றினால் பழையதைத் தரும்படி கேட்க வேண்டும். "இது ஏன் பழுதானது?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். நல்ல பாஸ் இந்தக் கேள்விக்குக் கோபிப்பதில்லை. துணியால் கையைத் துடைத்துவிட்டு விளக்கத் தொடங்குவார்.

கொப்பி

எங்கள் கொப்பியில் ஐந்து நிரல்கள் உள்ளன: திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, செலவு, அடுத்து எப்போது. பெற்றோல் கணக்கும் உண்டு. டாங்கியை நிரப்பி மீற்றரைக் குறித்து, அடுத்த தடவை நிரப்பும்போது ஓடிய தூரத்தைப் போட்ட லீற்றரால் வகுக்க வேண்டும். 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் மட்டும் கிடைத்த நாட்களில் வாப்பா தொடங்கிய பழக்கம் இது. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடிய கார் 13க்கு இறங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஏதோவொரு குறை இருக்கிறது. காற்று, எயார் ஃபில்டர், பிளக், இறுகிப் பிடிக்கும் பிரேக் என்ற ஒழுங்கில் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இதோடு ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு தொகை கார் உண்டியலுக்குப் போகிறது. குறை எதுவும் இல்லாத மாதத்திலும் போடுகிறோம். டயரும் பற்றரியும் திடீரென வரும் செலவுகள் அல்ல. எப்போது வரும் என்று கொப்பியே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

சில எச்சரிக்கைகள்

ஜக் மட்டும் தாங்கும் காரின் கீழ் யாரும் போகக்கூடாது. சில்லு மாற்றும்போதும் எதிர்ப்பக்கச் சில்லுக்குக் கல் வைக்க வேண்டும். கழிவு ஒயிலை நிலத்திலோ கானிலோ ஊற்றக்கூடாது. இறுதியில் அது அயல்வீட்டாரின் கிணற்றுக்கே போய்ச் சேரும். போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுக்கலாம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று தகரத்தைத் தின்னும். கதவின் கீழுள்ள நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் குச்சியால் திறந்துவிட வேண்டும். மழைக்குப்பின் தரை விரிப்பைத் தூக்கிக் காயவைக்க வேண்டும்.

என்ஜின் பழுதானால் திருத்தலாம். ஆனால் காரைத் தாங்கும் அடித்தகடே கறளால் உதிரத் தொடங்கினால், அதற்கு மேல் செலவழிப்பது வீண்விரயம். அப்போது விற்றுவிடலாம், விற்கும்போது குறையைச் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்பதை எமது மார்க்கம் தடுத்திருக்கிறது. கொப்பியையும் காரோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

தோழிகளே, இவற்றைச் செய்ய மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வாரத்தில் பத்து நிமிடமும் ஒரு கொப்பியும் போதும். பெற்றோர்களே, பொனட்டைத் திறக்கும்போது மகனைக் கூப்பிடுவதுபோல் மகளையும் கூப்பிடுங்கள். காரில் ஏறும் ஒவ்வோர் உயிரும் அமானிதம். அதைச் சுமக்கும் பிரேக்கும் டயரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வீட்டில் ஒருவருக்கு மேல் தெரிந்திருப்பது நல்லது.